மூன்றாவது கட்டம்

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். டைரியில் தேதியையும் கிழமையையும் எழுதினேன். முகம் கழுவுவதற்கும் முன்னால் நான் செய்கிற முதல் வேலை அது. நடந்தவற்றை மாலையில்தான் எழுதுவேன். ஆனால் தேதி காலையிலேயே விழுந்துவிட வேண்டும். 5.05க்கு மோட்டார் போட்டேன். 5.20க்குப் பால் வந்தது. 5.40க்கு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியபோது உள்ளறையிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள்.

"அக்கா, இடுப்பு விட்டு விட்டு வலிக்குது."

"எம்புட்டு நேரத்துக்கு ஒருக்கா?"

"கடிகாரம் பாக்குறவ நீ. வந்து பாரு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. இட்லி வெந்ததும் அவளுக்கு மூன்று வைத்துக் கொடுத்தேன்; இரண்டு சாப்பிட்டாள். அலுவலகத்துக்குப் போன் செய்து லீவு சொன்னேன்.

எங்கள் வீடு சமயநல்லூரில். அம்மாவும் அப்பாவும் இல்லை. எனக்கும் தங்கச்சிக்கும் பதினாறு வயது வித்தியாசம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளைச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தேன். ஏழு வருடம் கழித்து உண்டானாள். வளைகாப்பு முடிந்து அவள் வந்த தாய்வீடு என்னுடைய இரண்டு அறைதான்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததில் அதுவும் சேர்ந்திருக்கிறது. மதுரையில் ஒரு மண்டல அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பிறப்புப் படிவத்தில் 'பிரசவ முறை' என்று ஓர் இடம் உண்டு. அதில் மூன்று கட்டங்கள்: இயற்கையானது, சிசேரியன், ஆயுதம் அல்லது வாக்குவம். குழந்தையின் தலையை இடுக்கியால் பிடித்தோ, கிண்ணம் வைத்து உறிஞ்சியோ இழுத்து எடுத்தால் மூன்றாவது கட்டம்; அதில் குறி விழுவது அபூர்வம். விழுந்திருந்தால் ஜன்னலில் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒருமுறை ஓர் அப்பா கேட்டார்.

"எங்களுக்குச் சுகப்பிரசவம் மேடம். எதுக்கு ஆயுதம்னு போட்டிருக்கு?"

"ஆஸ்பத்திரில ஆயுதம் போட்டுத்தான எடுத்தாங்க?"

"அது கடைசில லேசா. வயித்தக் கிழிக்கலேல்ல? சுகம்னு மாத்திப் போடுங்க. நாளைக்குப் பொண்ணு கேட்க வர்றவன் இதப் பாத்தா என்ன நினைப்பான்?"

"யாரு பாத்தா என்ன? நடந்ததைத்தான் எழுதணும்," என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. என் கைவழியாகப் போன படிவத்தில் தவறு இருக்காது என்று நான் நம்பினேன்.

காலை 7.35க்கு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். திண்டுக்கல் ரோட்டில் எட்டுக் கட்டில் உள்ள சின்ன இடம். ஒன்பது மணிக்குத் தங்கச்சியின் கணவர் அவருடைய அம்மாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். அந்த அம்மாவை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையில் ஒரு தூக்குவாளியும், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகளும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினாறு துணி.

மதியம் 12.20க்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "கர்ப்பவாய் மெதுவாத்தான் திறக்குது. ஆபரேஷன் பண்ணிறலாம், இல்லாட்டி இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் பாக்கலாம். பிள்ளையோட துடிப்பு இப்போதைக்கு நல்லா இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

உள்ளே போய்த் தங்கச்சியைக் கேட்டேன். வேர்த்துப்போய்க் கிடந்தாள். என் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்தைக் கிழிக்க வேணாம்க்கா. நீதான சொன்ன, எனக்குச் சுகப்பிரசவம்தான் ஆகும்னு."

சொல்லியிருந்தேன். வீட்டில் நான் தினமும் மாலை அவளை முற்றத்தில் இருபது சுற்று நடக்கவிட்டு, ஒவ்வொரு நாளும் சொன்ன வார்த்தை அது. அத்தையும் அதையே சொன்னார். அவருடைய கணக்கில் அது பொம்பளையின் பலத்துக்குக் கிடைக்கும் பேர். நான் டாக்டரம்மாவிடம், "பார்க்கலாம்" என்றேன்.

மாலை 4.12க்குக் குழந்தை அழுதது. மெல்லிய அழுகை. நர்ஸ் கதவைப் பாதி திறந்து சொன்னார்.

"பொம்பளப் பிள்ளை. சுகப்பிரசவம்தான். கடைசில அவங்களால முக்க முடியல, பிள்ளைக்குத் துடிப்பு குறைஞ்சுச்சு. வாக்குவம் வச்சு எடுத்தோம்."

நான்கு வாக்கியம். நான்கையும் கேட்டேன். அன்று மாலை டைரியில் எழுதியது இது: "மாலை 4.12. பெண். 2.900 கிலோ. சுகப்பிரசவம்."

குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது உச்சந்தலையில் வட்டமாக ஒரு வீக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உறிஞ்சு கிண்ணத்தை வைத்த இடம் அது, இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும் என்றார் நர்ஸ். அத்தை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏ ஆத்தி, வரும்போதே கொண்டையப் போட்டுக்கிட்டுல்ல வந்திருக்கா. எங்க போகக் கிளம்புன, கொண்டைக்காரி?"

அன்றிலிருந்து அவள் பெயர் கொண்டைக்காரி. வேறு பெயர் வைக்க நேரம் வரவில்லை.

தங்கச்சியின் கணவர் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் போன் போட்டார். "பொம்பளப் புள்ளடா மாப்ள. சுகப்பிரசவம். சாயங்காலம் வா, முட்டாய் தாரேன்." "ஆமாண்ணே, சுகப்பிரசவம்ணே. ரெண்டு பேரும் நல்லாருக்காக." என் அலுவலகத்துக்கு நானும் அதைத்தான் சொன்னேன். ஆறு மணிக்குள் சோழவந்தான் முழுக்க அந்த ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. எங்களில் ஒருவரும் வாக்குவம் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை டைரியில் பால் குடித்த நேரங்கள் இருக்கின்றன. 6.10, நான்கு நிமிடம். 8.30, இரண்டு நிமிடம். 11.00, வாயில் வைத்ததோடு சரி. 1.45, குடிக்கவில்லை. அத்தை சொன்னார், "நல்ல பிள்ளை. அழுகுறதே இல்லையே. இவ அப்பன் ராத்திரி பூரா கத்துவான்." நானும் சிரித்தேன். குழந்தை வெளிறியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு நிறம் இல்லை, தங்கச்சி அதையும் சந்தோஷமாகச் சொன்னாள்: "பாருக்கா, எம்புட்டுச் செவப்பா இருக்கா." வீக்கம் வற்றவில்லை. காதுப் பக்கமாக இறங்கி, தொட்டால் நீர் நிரம்பிய பை மாதிரி நகர்ந்தது. "கொண்டை வற்றவில்லை" என்று எழுதியிருக்கிறேன். எழுதினால் பார்த்ததாகிவிடும் என்று நினைக்கிற புத்தி எனக்கு.

மாலை 5.30க்குக் குழந்தை மருத்துவர் வந்தார். வாரத்தில் இரண்டு நாள் வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர். அன்று கரண்ட் போயிருந்தது. ஜன்னல் ஓரம் கொண்டுவரச் சொன்னார். கேஸ் ஷீட் நர்ஸின் மேசையில் இருந்தது, எடுத்துவர ஆள் போயிருந்தார். அதற்குள் அவர் என்னைக் கேட்டார்.

"நார்மலா, சிசேரியனா?"

கேள்வியில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. மூன்றாவது ஒன்று உண்டு என்று அந்த அறையில் மற்ற யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

"சுகப்பிரசவம் சார்," என்றேன்.

மார்பில் குழல் வைத்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டார். முதல் இரண்டு நாள் சில பிள்ளைகள் தூங்கிக்கொண்டே இருக்கும், பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் கொடுங்கள், காலையில் எடை பார்ப்போம் என்றார். குழந்தையின் தலையில் மஞ்சள் கம்பளித் தொப்பி இருந்தது. ஏழாம் மாதத்திலிருந்து நான் பின்னியது. நான் அதைக் கழற்றிக் காட்டவில்லை. பக்கத்துக் கட்டில் குழந்தை வீறிட்டு அழுதது. கேஸ் ஷீட் வருவதற்குள் அவர் அங்கே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை 5.25க்குக் குழந்தையின் இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. சீராக, நொடிக்கு ஒரு தடவை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது நொடி. அதன்பிறகுதான் கத்தினேன்.

ஆம்புலன்ஸில் மதுரைக்கு நானும் தங்கச்சியின் கணவரும் போனோம். பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், என் தங்கச்சி வயதுதான் இருக்கும். குழந்தையை விளக்குக்கு அடியில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"டெலிவரி எப்படி?"

"சுகப்பிரசவம்ங்க," என்றார் தங்கச்சியின் கணவர்.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். விரல்களால் உச்சியிலிருந்து காது வரை அழுத்திக்கொண்டே வந்தார். பிறகு நிமிர்ந்து, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இது சுகப்பிரசவம் இல்லம்மா. வாக்குவம் போட்டாங்களா?"

"ஆமா."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

உச்சிக்குழி வழியாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பத்து மணிக்கு மேல் இன்னொரு ஸ்கேன். 11.40க்கு அந்த டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தலைத்தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கியிருக்கிறது, உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. மண்டையோட்டுக்கு உள்ளேயும் மூளையைச் சுற்றிக் கசிந்து அழுத்துகிறது. ரத்தம் ஏற்றுகிறோம், மூச்சுக்குக் கருவி வைத்திருக்கிறோம்.

தங்கச்சியின் கணவர் கேட்டார், "ஆபரேஷன் பண்ணி எடுத்திருந்தா வந்திருக்காதுங்களா?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ரொம்ப நேரம் வலி எடுத்து, பிறகு சிசேரியன் பண்ணின பிள்ளைக்கும் ரத்தம் கசிஞ்சு பார்த்திருக்கேன். தானாப் பிறக்கிற பிள்ளைகள்லகூடச் சிலதுக்குக் கொஞ்சம் கசியும், யாருக்கும் தெரியாமலே ஆறிடும். வாக்குவம், ஆயுதம்னா வாய்ப்பு கூடுதல். ஆனா போட்ட பிள்ளைகள்ல முக்காவாசி ஒரு குறையும் இல்லாமத்தான் வளருது. துடிப்பு குறைஞ்ச நேரத்துல போடாம விட்டிருந்தா உள்ளயே மூச்சு முட்டியிருக்கலாம். அதனால அவங்களையும் குறை சொல்ல மாட்டேன். போட்டா, பிறகு தலையக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். அதுதான் முக்கியம்."

டாக்டர் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது நான் மட்டும் நடைவழியில் பின்னால் போனேன்.

"நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கே தெரிஞ்சிருந்தா?"

என்னைப் பார்த்தார். நான் யார், ஏன் கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நேத்தே ரத்தம் ஏத்த ஆரம்பிச்சிருப்போம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்லக் கூடாது."

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. அந்தக் கணக்கை அன்றைக்குப் போட்டேன். இன்றும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மனசு தானாகப் போடுகிறது.

சனிக்கிழமை தங்கச்சியை நர்சிங் ஹோமிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்தோம். தையல் வலியில் சாய்ந்தே உட்கார்ந்து வந்தாள். கைகழுவி, பச்சை அங்கி மாட்டி, கண்ணாடிப் பெட்டியின் துளை வழியாகக் கையை விட்டாள். குழந்தையின் உள்ளங்கைக்குள் சுண்டுவிரலை வைத்தாள். பிடிக்கவில்லை. அவளே ஒவ்வொரு விரலாக மடக்கிப் பிடிக்கவைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். தலையில் தொப்பி இல்லை. மழித்து ஊசி குத்தியிருந்தார்கள். "மழிச்ச பெறகும் கொண்டை போகலையேக்கா," என்றாள்.

அன்று மதியம் அத்தை என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் புதன்கெழமை சாயங்காலம் தேங்காயெண்ணெய் தொட்டு அந்த வீக்கத்த நீவி விட்டேன். நர்ஸம்மா பாக்காதப்ப. அதுனால இருக்குமா?"

"இல்ல அத்தை. அதுனால இல்ல."

"நெசமாத்தான் சொல்றியா? நீ பொய் சொல்ல மாட்டேல்ல. எம்மகன் சொல்லுவான், மதினி சொன்னா கெஜட்டுல வந்த மாதிரின்னு."

எழுந்து குடிநீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டேன்.

ஞாயிறு, ஜூன் 18, காலை 10.50. குழந்தை போய்விட்டாள்.

சோழவந்தானில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அடக்கம் செய்தார்கள். தங்கச்சியின் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். வேனில் ஒருவர், "கொடு மாப்ள, செத்த நேரம் நான் வச்சிருக்கேன்," என்றபோது, "வேணாம்ணே, கனமே இல்ல," என்றார். அந்தப் பதினாறு துணிகளில் ஒன்றில்தான் சுற்றியிருந்தது. மஞ்சள் தொப்பியை அவர் கேட்டார், கொடுத்தேன்.

தங்கச்சி என் வீட்டுக்கே வந்தாள், அத்தையும் கூட வந்தார். மாலை ஐந்து மணி இருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். ஜாக்கெட்டின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பீய்ச்சப் பீய்ச்சப் பாலாடை நிறையாத பால்.

"அக்கா, பால் வருது," என்றாள்.

மார்பு கல்லாக இறுகி, காய்ச்சலும் கண்டிருந்தது. அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார், "உதிரி மல்லியப்பூ வாங்கி வச்சுக் கட்டணும். ரெண்டு மூணு நாள் மாத்தி மாத்திக் கட்டுனா வத்திரும். நான் கட்டி விடுறேன். நீ பூ மட்டும் வாங்கிக் குடு."

அவர் அடுப்படிக்குப் போனதும் நான் தங்கச்சியிடம் சொன்னேன். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. டைரியை எடுத்து வந்து புதன்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். நர்ஸ் சொன்னதையும், வியாழன் மாலை டாக்டர் கேட்டதையும், நான் சொன்னதையும், தொப்பியைக் கழற்றாததையும் வரிசையாகச் சொன்னேன். பதிவு ஜன்னலில் ஒருவரிடம் விவரம் வாசித்துக் காட்டுகிற குரலில்தான் சொல்ல வந்தது. வேறு குரல் எடுத்தால் அழுதுவிடுவேன், அழுதால் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று பயந்தேன்.

அவள் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும்ல. நாந்தான படுத்திருந்தேன். தலைய உறிஞ்சி இழுக்குறது எனக்குத்தான தெரிஞ்சது. நானும் எல்லார்ட்டயும் சுகப்பிரசவம்னுதான் சொன்னேன்," என்றாள். பிறகு விரலை அந்த வார்த்தையின் மேல் வைத்து, "இதுல யாருக்குக்கா சுகம்?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டாள். டைரியை மூடி என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிற்பாடு குழந்தைக்காகப் பிறப்புச் சான்றும் இறப்புச் சான்றும் வாங்க வேண்டியிருந்தது. பிறந்த இடமும் இறந்த இடமும் எங்கள் அலுவலகத்தின் எல்லையில் வரவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கினேன். நர்சிங் ஹோமிலிருந்து போன படிவத்தைக் கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் சரியாகக் குறி போட்டிருந்தார்கள். தவறாக எழுதியிருந்தது என் டைரியில் மட்டும்தான். அந்த வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் திருத்தமும் எழுதவில்லை. அது அப்படியே இருக்கிறது.

ஜூன் 19, திங்கட்கிழமை காலை 4.50க்கு எழுந்தேன். டைரியை எடுக்கவில்லை. முதல் பஸ்ஸில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். ஈரச் சாக்கின் மேல் மல்லி குவிந்துகிடந்தது. என் வயதுள்ள ஓர் அம்மாவிடம் நின்றேன்.

"கட்டுனதா, உதிரியாக்கா?"

"உதிரி. கால் கிலோ."

"வீட்ல விசேஷமா?"

"தங்கச்சிக்குப் பால் கட்டியிருக்கு."

தராசில் பூவை அள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. கேட்க வேண்டியதை அவர் கேட்கவில்லை, புரிந்துகொண்டார். மொட்டுகளை ஒதுக்கிவிட்டு விரிந்த பூவாகப் பார்த்து அள்ளினார்.

"என்ன பிள்ளை?"

"பொம்பளப் பிள்ளை."

"தலைச்சனா?"

"ஆமா."

"சுகப்பிரசவமா, ஆபரேசனா?"

"ரெண்டும் இல்ல," என்றேன். "வாக்குவம் வச்சு எடுத்தாங்க."

அவருக்கு அந்த வார்த்தை தெரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டார். தராசு சமமாக நின்ற பிறகும் இன்னும் இரண்டு கை பூவை மேலே போட்டு, வாழை இலையில் சுருட்டி, நாரால் இறுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார்.